இருமினால் சிறுநீர் கசிகிறதா? இடுப்புத்தளப் பயிற்சியை இப்படித் தொடங்குங்கள்

இருமும்போது, தும்மும்போது, கனமாக எதையாவது தூக்கும்போது சில சொட்டு சிறுநீர் கசிவதை, “பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று எத்தனையோ பெண்கள் வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். இதைப் பொறுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. பெரும்பாலும் பயிற்சியிலேயே நன்றாகக் குறையும்.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்பு வரை தொட்டில்போல் விரிந்திருக்கும் இடுப்புத்தளத் தசைகள்தான் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. அமெரிக்கப் பெண்கள் நல மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-ல் இவற்றுக்கான பயிற்சியைப் பற்றி எழுதினார். கெகல் பயிற்சி என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

முதலில் சரியான தசையைக் கண்டுபிடிக்க வேண்டும். அவசரப்படாதீர்கள், பலரும் தடுமாறுவது இங்கேதான். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் வாயு பிரியாமல் அடக்குவீர்கள் அல்லவா, அதேபோல் மலவாயைச் சுருக்கி, அந்த இறுக்கத்தை முன்னால் சிறுநீர்த் துவாரம் வரை கொண்டுவாருங்கள். உள்ளே, மேல்நோக்கி இழுபடுவது தெரிய வேண்டும். கீழே முக்குவதுபோல் இருந்தால் தவறு. புட்டமும் தொடையும் இறுகக் கூடாது. வயிற்றில் ஒரு கையை வைத்துப் பாருங்கள். அடிவயிறு லேசாக உள்வாங்கலாம், வெளியே புடைக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது வேண்டாம். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

தசை பிடிபட்டதும் மூச்சைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது தசையைத் தளர்த்துங்கள், விடும்போது சுருக்குங்கள். மூச்சை அடக்காமல் 3 விநாடி பிடித்து, அதே அளவாவது ஓய்வு கொடுங்கள். முழுதாகத் தளர்த்துவதும் பயிற்சிதான். போகப்போக 8 முதல் 10 விநாடி வரை பிடிக்கலாம். ஒரு வேளைக்கு 8 தடவை, நாளுக்கு மூன்று வேளை. படுத்துச் செய்வது சுலபமானதும் உட்கார்ந்து, அப்புறம் நின்று செய்யுங்கள். குறைந்தது 3 மாதம் விடாமல் செய்தால்தான் பலனை எடைபோட முடியும்.

இனி அன்றாடத்தில் பயன்படுத்துங்கள். தும்மல் வருவது தெரிந்ததும், அது வெடிப்பதற்கு ஒரு கணம் முன்பே தசையைச் சுருக்கிவிடுங்கள். குழந்தையைத் தூக்கும்போதும் இதேதான்.

உடலுறவின்போது வலி, தீராத வால் எலும்பு வலி, சிறுநீர் வெளிவரச் சிரமம் இருந்தால் இந்தப் பயிற்சியை நீங்களாகத் தொடங்காதீர்கள். தசை ஏற்கெனவே இறுகிப் போயிருக்கலாம். மேலும் இறுக்கினால் வலி கூடும். இடுப்பு மூட்டைத் திருப்பும் ஒரு தசை இடுப்புத்தளத்தோடு இணைந்தே இருப்பதால், இடுப்பு மூட்டு வலியும் இதோடு சேர்ந்து வருவதுண்டு. இந்தத் துறையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் முதலில் பரிசோதித்து, தேவைப்பட்டால் தளர்த்தும் பயிற்சியிலிருந்து தொடங்குவார்.

சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி வருவதுபோல் கனத்தாலோ மருத்துவரைப் பாருங்கள். முதுகுவலியோடு தொடை இடுக்கு மரத்துப்போய், திடீரென்று சிறுநீர் போகவும் முடியாவிட்டால், உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.