நகரும் ரிலேயை நிழலின் விளிம்பில் நிறுத்துவது எப்படி?

கைபேசிக் கோபுரத்தின் சிக்னலைக் கட்டடங்களோ குன்றுகளோ மறைக்கும் பகுதிக்கு, அதாவது நிழலுக்கு, அந்தச் சிக்னலை வாங்கிப் பயனர்களுக்கு அனுப்பும் ரிலேயை வாகனத்தில் ஏற்றிக் கொண்டு செல்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, சிக்னல் மிக மோசமாக இருக்கும் இடத்தின் நடுவிலேயே அதை நிறுத்துவதுதான். பயனருக்கு எட்டாத கோபுரம் அங்கே ரிலேக்கும் எட்டாது. கோபுரமும் தெரிய வேண்டும், பயனர்கள் இருக்கும் பக்கமும் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட இடம் நிழலின் விளிம்பில்தான் கிடைக்கும், தெருக்கள் நெருங்கிய பகுதியில் அது அநேகமாக ஒரு முச்சந்தியாக இருக்கும்.

அந்த விளிம்பை வரைபடத்தைப் பார்த்து ஊகிக்கலாம், ஆனால் உறுதிசெய்ய நடந்துதான் ஆக வேண்டும். பல சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றுக்கொன்று வலுச்சேர்த்து, நான்கு விரற்கடை தள்ளி ஒன்றையொன்று அழித்துவிடுவதால், அசையாமல் நின்று எடுத்த ஒற்றை அளவை நம்ப முடியாது. 2 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 15 சென்டிமீட்டர். அதைப் போல் 40 மடங்கு, அதாவது 6 மீட்டர் தூரம் மெதுவாக நடந்து எடுத்த சராசரியே அந்த இடத்தின் உண்மையான அளவு. சிக்னலின் வலிமையோடு குறுக்கீட்டின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சந்திகளில் வேண்டாத கோபுரங்களும் நன்றாகவே தெரியும்.

கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 1 கிலோமீட்டர் தொலைவுள்ள இணைப்பில், அதே அதிர்வெண்ணில், நடுவழியில் முதல் ஃபிரெனல் மண்டலத்தின், அதாவது நேர்க்கோட்டைச் சுற்றி அலையின் பெரும்பகுதி பயணிக்கும் வெளியின், ஆரம் ஏறத்தாழ 6 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும். நேர்க்கோட்டை ஒரு கூரையின் விளிம்பு தொட்டாலே சுமார் 6 டெசிபெல் குறைந்து, திறன் கால்பங்காகிவிடும். ஆகவே வண்டியை நகர்த்துவதற்கு முன் ஆன்டெனாக் கம்பத்தைச் சில மீட்டர் உயர்த்திப் பாருங்கள். பல நேரங்களில் வேலை அதோடு முடிந்துவிடும்.

அடுத்தது இரு பக்க இணைப்புகளையும் சமன்செய்வது. ஒரே அலைவரிசையை இரு பக்கத்துக்கும் மாறிமாறி நேரம் பிரித்துப் பயன்படுத்தும் ரிலேயில், கோபுரப் பக்கம் 60 மெகாபிட், பயனர் பக்கம் 10 மெகாபிட் வேகம் கிடைத்தால், முடிவில் பயனருக்குச் சேருவது அதிகபட்சம் 8.6 மெகாபிட்தான். பயனரை நோக்கிச் சற்று நகர்ந்து இரு பக்கமும் 30 ஆனால் அது 15 ஆகும். கோபுரப் பக்க அளவு குறைவதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

சிக்னலைப் பெருக்கி மட்டும் அனுப்பும் ரிப்பீட்டர் என்றால், சேவை நிறுவனத்தின் அனுமதி முதலில் தேவை. அதன் இரு ஆன்டெனாக்களுக்கும் இடையிலான தனிமைப்படுத்தல், அதாவது ஒன்றின் சிக்னல் மற்றதை அடைவதற்குள் குறையும் அளவு, பெருக்கத்தைவிட 15 டெசிபெல்லாவது கூடுதலாக இருக்கட்டும். இல்லாவிட்டால் தன் குரலையே கேட்டுக் கூச்சலிடும் ஒலிபெருக்கியின் கதைதான். வாகனத்தில் இடம் குறைவு என்பதால் வண்டியின் உலோக உடலையே நடுவில் தடுப்பாக வைத்துக்கொள்ளலாம்.

இடம் முடிவான பிறகும், வேறோர் இடம் 3 டெசிபெல்லாவது மேலாக, அதுவும் சில நிமிடங்கள் தொடர்ந்து, இருந்தால் மட்டுமே நகருங்கள். கடந்து செல்லும் ஒரு லாரியின் நிழலுக்காக வண்டியைக் கிளப்பினால், லாரி போன பின் மீண்டும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும்.