வர்க்கியும் மாத்திரையும்: கூட்டு மருந்து ஆய்வில் நாங்கள் செய்த தவறுகள்

கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் வந்த பெரியப்பாவை, மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் கூட்டு மருந்து ஆய்வுக்கு அழைத்துப் போகத் தொடங்கியபோது, முதல் தவறு வர்க்கியில்தான் நேர்ந்தது. குளிரில் எழுந்ததும் பால் தேநீர், இரண்டு வர்க்கி, கூடவே ஆண் ஹார்மோன் சுரப்பைத் தடுக்கும் அபிராடெரோன் மாத்திரை. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும்; சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அதன்பின் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. கொழுப்புள்ள உணவோடு போனால் இரத்தத்தில் மருந்தின் அளவு பல மடங்கு ஏறிவிடும். வர்க்கியில் எவ்வளவு கொழுப்பு என்று நீலகிரிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

துணைக்குத் தந்த பிரட்னிசோலோன் ஸ்டீராய்டு என்று யாரோ சொல்ல, பெரியப்பா அதை மட்டும் நிறுத்திவிட்டார். அபிராடெரோன் உடலின் கார்டிசோல் என்ற இயல்பான ஸ்டீராய்டு சுரப்பையும் குறைக்கிறது. அதை ஈடுகட்டாவிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ஒரு மருந்தின் தீங்கைத் தடுக்கவே இன்னொன்று.

"இரண்டு மருந்து என்றால் இரட்டைப் பலன்தானே?" என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். முற்றிய புரோஸ்டேட் புற்றுநோயில் அபிராடெரோனும் ரேடியம்-223 என்ற கதிரியக்க ஊசியும் தனித்தனியே ஆயுளை நீட்டியவை. நோய் எலும்புக்குப் பரவிய 806 பேரிடம் 'எரா 223' ஆய்வு இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. 2019இல் வெளியான முடிவின்படி, சேர்த்துப் பெற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கு எலும்பு முறிந்தது. அபிராடெரோனோடு போலி ஊசி பெற்றவர்களில் 11 சதவீதம். ஆயுளும் கூடவில்லை. நேர்மாறாக, 'சார்ட்டெட்' ஆய்வில் ஹார்மோன் அடக்கும் சிகிச்சையோடு தொடக்கத்திலேயே டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தையும் சேர்த்தபோது, இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம், 44 மாதத்திலிருந்து 57.6 மாதமானது. எந்தச் சேர்க்கை எப்படி முடியும் என்பது ஊகத்தில் கிடைக்காது. ஆய்வு நடப்பதே அதற்காகத்தான்.

புது மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தால் சிகிச்சையே கிடையாது என்று பயந்து ஒதுங்குவதும் தவறு. இத்தகைய ஆய்வுகளில் வழக்கமான ஹார்மோன் சிகிச்சை பொதுவாக எல்லோருக்கும் உண்டு. கையெழுத்திடும் முன் இதையே முதலில் கேளுங்கள். நோயின் போக்கைக் காட்டும் இரத்த அளவான பி.எஸ்.ஏ. இறங்கிவிட்டது என்று கொண்டாடுவதையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஆயுள் நீண்டதா என்பது வேறு கணக்கு. நாட்டு மருந்து சாப்பிட்டால் மறைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்து பாதை அடைத்தால், தவறிய இரத்தப் பரிசோதனையை உடனே தொலைபேசியில் தெரிவியுங்கள். மறுதேதி கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எங்கள் பெரிய தவறு கடைசியில்தான் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் மிஞ்சிய மாத்திரைகளை எண்ணித் திருப்பித் தர வேண்டும். விட்டுப்போன நாள்களுக்குத் திட்டு விழும் என்று பயந்து, பெரியப்பா அவற்றைத் தேயிலைச் செடியடியில் புதைத்துவந்தார். ஆய்வின் கணக்கிலோ அவர் ஒரு வேளையும் தவறாதவர்.