ஒரே ஃபைல் நாலு இடத்தில்: நகல்களைப் பயமில்லாமல் நீக்குவது எப்படி?

லேப்டாப்பில் இடம் தீர்ந்து சிவப்புக் கோடு வந்ததும் மும்பையில் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "லேமிங்டன் ரோடு போய் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிடு." வாங்கலாம். ஆனால் பழையதை அப்படியே அதில் கொட்டினால் குப்பையும் சேர்ந்து குடியேறும். அந்த டிஸ்க்கை பேக்கப்புக்கு வைத்துக்கொண்டு, லேப்டாப்பில் தேங்கியிருக்கும் நகல்களைக் களைவோம். விண்டோஸை வைத்துச் சொல்கிறேன். மேக், லினக்ஸிலும் வழி ஏறக்குறைய இதேதான்.

பெயரை நம்பாதீர்கள்

சொசைட்டி மெயின்டனன்ஸ் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பல சொசைட்டிகளில் மாதாமாதம் அதே பெயரில்தான் பிடிஎஃப் வரும். டவுன்லோட் செய்யச் செய்ய பில், பில் (1), பில் (2) என்று வரிசை கட்டும். பார்த்தால் நகல் மாதிரி இருக்கும். உள்ளே ஒவ்வொன்றும் வேறு மாதம். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தது என்பதற்கு மேல் அந்த அடைப்புக்குறி எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கை உண்டு. 'கொலு' என்ற பெயரில் உள்ள 'கொ'வை யூனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறை) இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'ொ' என்ற ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு. அதனால் ஒரே இடத்தில் 'கொலு' என்று இரண்டு ஃபோல்டர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியும். எந்தப் பக்கம் பார்த்தாலும் பெயரை வைத்துத் தேடுவது ஆகாது. உள்ளடக்கத்தை ஒப்பிடும் மென்பொருள்தான் வேண்டும்.

தொடங்கும் முன்

முக்கியமானதை எல்லாம் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து, இரண்டு மூன்று ஃபைலைத் திறந்து பார்த்து, பிறகு டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். கழற்றுவது முக்கியம். செருகியே இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து, பேக்கப்பையே நகல் என்று அழிக்கும் ஆபத்து இருக்கிறது.

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஃபோல்டர்களை முதல் முறை ஒதுக்கி வையுங்கள். அவற்றில் உள்ளதை லேப்டாப்பிலிருந்து அழித்தால் கிளவுடிலும் போகும், அதோடு இணைந்த மற்ற கருவிகளிலும் போகும்.

மென்பொருள்

டூப்குரு (dupeGuru), அல்லது ச்காவ்கா (Czkawka). இரண்டுமே இலவசம், ஓப்பன் சோர்ஸ். அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தோ, மென்பொருள் எழுதுபவர்கள் வெளியிடும் தளமான கிட்ஹப்பிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். 'ஒரே கிளிக்கில் சுத்தம்' என்று கூவும் விளம்பரங்கள் பக்கம் போகவேண்டாம். எதை அழிப்பது என்று நாம்தான் முடிவு செய்யவேண்டும். இங்கே டூப்குருவைப் பார்ப்போம்.

1. திறந்ததும் 'ஸ்டாண்டர்ட்' முறையையும், ஸ்கேன் வகையில் 'கன்டென்ட்ஸ்' என்பதையும் தேர்ந்தெடுங்கள்.

2. நீங்கள் உருவாக்கிய ஃபோல்டர்களை மட்டும் சேருங்கள்: டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ். சி டிரைவ் முழுவதையும் கொடுக்காதீர்கள். விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், ஆப்டேட்டா ஃபோல்டர்களில் ஒரே ஃபைல் பல இடத்தில் இருக்கும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதனதன் பிரதி தேவை. மேக் வைத்திருப்பவர்கள் போட்டோஸ் லைப்ரரிக்குள் கை வைக்கவேண்டாம். மேக்ஓஎஸ் வென்ச்சுரா பதிப்பு முதல் அந்த ஆப்பிலேயே நகல்களுக்குத் தனி ஆல்பம் இருக்கிறது.

3. ஒழுங்காக அடுக்கி வைத்த ஃபோல்டரின் நிலையை 'ரெஃபரன்ஸ்' என்று மாற்றுங்கள். அதிலிருந்து ஒரு ஃபைலும் அழியாது. இந்த ஒரு வசதிக்காகவே எனக்கு டூப்குரு பிடிக்கும்.

4. அமைப்புகளில் 1 எம்பிக்குக் குறைவானதைத் தவிர்க்கச் சொல்லலாம். குட்டி ஃபைல்களைத் துரத்தினால் மிச்சமாகும் இடம் அற்பம், தலைவலிதான் அதிகம்.

5. ஸ்கேன் செய்யுங்கள். அளவு ஒன்றாக இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தை ஒப்பிடும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஃபில்டர் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

முடிவுகளைப் பார்ப்பது

ஒவ்வொரு குழுவிலும் முதல் ஃபைலுக்கு டிக் போட முடியாது. அது தங்கும் ஃபைல். தப்பான இடத்தில் உள்ளது தங்குவதாகக் காட்டினால், வேண்டியதைத் தேர்ந்தெடுத்து அதை ரெஃபரன்ஸாக மாற்றிக்கொள்ளலாம். அளவு வாரியாக அடுக்கி, பெரிய வீடியோக்களிலிருந்து தொடங்குங்கள். பாதி இடம் அங்கேயே கிடைத்துவிட்டால் மீதியை விட்டுவிடலாம்.

டிக் போட்டதும் நேராக அழிக்காதீர்கள். 'மூவ் மார்க்டு' கொடுத்து, 'நீக்கலாமா' என்று ஒரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். ஒரு மாதம் கிடக்கட்டும். எதுவும் குறையவில்லை என்றால் அந்த ஃபோல்டரை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். அதுவரை இடம் திரும்பாது. பென்டிரைவில் அழிப்பது வழக்கமாக ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகவே போய்விடும். அங்கே கூடுதல் கவனம்.

போட்டோக்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை

செம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி திரையைக் காட்டிக் கேட்டார்: "ஏம்ப்பா, ரெண்டும் ஒரே கொலு போட்டோதானே? இது ஏன் லிஸ்ட்ல வரல?"

"ஒண்ணு கேமராவுல எடுத்தது மாமி, இன்னொண்ணு வாட்ஸ்அப்ல வந்தது."

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பும்போது படம் சுருங்கும், எடுத்த தேதி முதலிய விவரங்களும் உதிர்ந்துவிடும். ஆகவே அது வேறு ஃபைல். உள்ளடக்க ஒப்பீட்டில் சிக்காது. இதற்கு டூப்குருவில் 'பிக்சர்' முறை இருக்கிறது. அது 'ஒத்திருப்பவற்றை'க் காட்டும், 'ஒன்றானவற்றை' அல்ல. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படத்தையும் ஒரே குழுவில் போட்டுவிடும். ஒன்றில் குழந்தை கண் மூடியிருக்கும், மற்றதில் சிரிக்கும். இந்த முறையில் 'எல்லாவற்றுக்கும் டிக்' பொத்தானைத் தொடவே வேண்டாம். இரண்டையும் திறந்து, அளவும் பிக்சலும் பெரிதாக உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை 'நீக்கலாமா'வுக்கு அனுப்புங்கள்.