கைக்கடக்கமான பைனாகுலர்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி மாதம், காலை ஆறேகால் மணி. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நானும் ஒரு நண்பரும் நின்றுகொண்டிருந்தோம். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரத்தில் ஏதோ ஒரு பறவை அசைந்தது. என் கையில் புதிதாக வாங்கிய 10×25 பைனாகுலர். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவு சின்னது. அதில் பார்த்தால் ஒரு கறுப்பு உருண்டை தெரிந்தது. நண்பர் கழுத்தில் தொங்கியது பழைய 8×42, கனமான உருப்படி. "வக்காங்க. கண்ணப் பாருங்க, ரத்தச் சிவப்பா இருக்கு" என்றார். எனக்குக் கண்ணும் தெரியவில்லை, சிவப்பும் தெரியவில்லை. சூரியன் நன்றாக மேலே வந்த பிறகுதான் என் கருவிக்கும் உயிர் வந்தது. அதற்குள் வக்கா இலைகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

நான் செய்த தவறு எளிமையானது. எடையைப் பார்த்து வாங்கினேன், எந்த நேரத்தில் பார்க்கப் போகிறேன் என்பதை யோசிக்கவில்லை.

பைனாகுலர் மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்களில் முதலாவது, உருவத்தை எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். எக்ஸிட் பியூப்பில் என்பார்கள். என் 10×25-க்கு அது 2.5 மி.மீ. நண்பரின் 8×42-க்கு 5.25 மி.மீ. பட்டப்பகலில் நம் கண்ணின் பாவை இரண்டு மூன்று மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும், அப்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தைத்தான் காட்டும். விடியற்காலையில் பாவை விரிந்து 5 மி.மீ. வரை கூடப் போகும். என் கருவி தருவதோ 2.5தான். கண் கேட்கிற வெளிச்சத்தைக் கருவியால் கொடுக்க முடியாது.

கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், ஏனென்றால் கடை திறப்பதே பத்து மணிக்கு. அந்த நேரத்து வெயிலில் வாசலில் நின்று பார்த்தால் எந்தக் கண்ணாடியும் பளிச்சென்றுதான் இருக்கும். முடிந்தால் பொழுது சாயும் நேரத்தில் கடைக்குப் போங்கள். ஆறு மணிக்கு மேல் எதிர்க் கட்டடத்தின் நிழல் விழுந்த மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். 25 மி.மீ. லென்ஸுக்கும் 32 மி.மீ. லென்ஸுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும்.

வேட்டைக்காரர்களின் அறிவுரை

எடை குறைந்த சின்ன பைனாகுலர் பற்றி இணையத்தில் தேடினால் வருவதில் பாதி, வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்காக எழுதியது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். வேடந்தாங்கல் என்ற பெயருக்கே வேடர் தங்கிய இடம் என்றுதான் பொருள் சொல்வார்கள். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைச் சுடக்கூடாது என்று போராடி 1798-லேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள் என்பது தனிக் கதை.

வேட்டைக்காரர்கள் சொல்வதில் நமக்கு உதவுவதும் உண்டு. அவர்களுக்கும் விடியலும் அந்தியும்தான் முக்கியமான நேரம், அவர்களும் நாள் முழுக்கக் கழுத்தில் சுமந்து நடக்கிறார்கள். ஆனால் 'வேட்டை பைனாகுலர்' என்று தனியாக ஒன்று கிடையாது. ஐரோப்பாவில் பரண் மேல் உட்கார்ந்து இருட்டும்வரை காத்திருப்பவர் ஒரு கிலோவைத் தாண்டும் 8×56 வைத்திருப்பார். மலையேறி மான் தேடுகிறவர் அதில் பாதி எடைகூட வேண்டாம் என்பார். எவர் சொன்னதைப் படிக்கிறோம் என்று தெரியாமல் பின்பற்றினால் குழப்பம்தான். தூரம் அளக்கும் வசதிக்கும், உருமறைப்பு வண்ண உறைக்கும் நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று மீட்டர் பக்கத்தில் இருப்பதை ஃபோகஸ் செய்ய முடியுமா என்பதை அவர்கள் பெரிதாகக் கவலைப்படமாட்டார்கள். நமக்கு அது வேண்டும். செம்பருத்திச் செடியில் தேன்சிட்டு வந்து தொங்கும்போது பின்னால் நகர இடம் இருக்காது.

அந்தி நேரத் திறனெண் என்று ஒரு கணக்கும் அவர்கள் வழியாக வந்ததுதான். இரண்டு எண்களையும் பெருக்கி அதன் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 8×32-க்கு அது 16. என் 10×25-க்கு 15.8. பார்த்தால் இரண்டும் சமம் போல இருக்கிறது, இல்லையா? உண்மையில் 32 மி.மீ. லென்ஸின் பரப்பு 25 மி.மீ. லென்ஸைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அந்தக் கணக்கில் பெருக்குத்திறனைக் கூட்டினாலே எண் ஏறிவிடும், லென்ஸ் பெரிதாக வேண்டியதில்லை. கண்ணாடி நல்லதா மட்டமா என்பதும் அதில் வராது. அட்டைப்பெட்டியில் அச்சடிக்க வசதியான எண். அதற்கு மேல் மதிப்பு கொடுக்க வேண்டாம்.

பத்து மடங்கு ஆசை

எட்டா, பத்தா என்றால் எல்லோருடைய கையும் பத்துக்குத்தான் போகும். என் கையும் போனது. பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி கை நடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கும். இதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு விஷயம், கருவி எடை குறைந்தால் நடுக்கம் கூடும் என்பது. கொஞ்சம் கனம் இருந்தால் அந்தக் கனமே கையை அமர்த்தி வைக்கும். முந்நூறு கிராம் கருவியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு பத்து மடங்கில் ஒரு கதிர்க்குருவியைத் தேடிப் பாருங்கள், பறவை துள்ளுகிறதா நம் கை துள்ளுகிறதா என்றே புரியாது.

பார்வைப் பரப்பும் குறையும். ஒரு டிகிரி என்றால் ஆயிரம் மீட்டர் தூரத்தில் பதினேழரை மீட்டர் அகலம். நல்ல 8×32 ஒன்றில் ஏழு எட்டு டிகிரி கிடைக்கும். பாக்கெட் அளவு 10×25-இல் பெரும்பாலும் ஐந்தரையை ஒட்டித்தான் இருக்கும். சோலைக் காட்டில் இலைக்கு இலை தாவும் சின்னப் பறவையை அந்தக் குறுகிய வட்டத்துக்குள் கொண்டுவருவதற்குள் அது அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். பள்ளிக்கரணையிலோ கோடியக்கரையிலோ திறந்த வெளியில் தூரத்து உள்ளான்களைப் பார்ப்பவருக்குப் பத்து உதவலாம், ஒப்புக்கொள்கிறேன். ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் எட்டு போதும்.

எட்டு, பத்து எல்லாம் போய் '30×60' என்று எழுதிய உள்ளங்கை அளவுக் கருவியும் கிடைக்கிறது. சுற்றுலாத் தலங்களில் தள்ளுவண்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு ஸ்கேலை எடுத்து முன்பக்க லென்ஸை அளந்து பாருங்கள். அறுபது மி.மீ. என்றால் ஆறு சென்டிமீட்டர், காபி டம்ளரின் வாய் அளவு. அந்தக் கருவியில் பெரும்பாலும் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டாது. எழுதியிருக்கும் முப்பதும் அதே லட்சணம்தான். லென்ஸ் செக்கச்செவேல் என்று மின்னினால் இன்னும் உஷார். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியை வெளியே திருப்பி அனுப்புகிறது, அதனால் பார்ப்பதெல்லாம் பச்சைப் பூச்சோடு தெரியும். வக்காவின் சிவப்புக் கண்ணுக்கு அதில் வழியே இல்லை. 'நைட் விஷன்' என்று எழுதியிருப்பது எழுத்து மட்டும்தான். 10-இலிருந்து 30 வரை ஜூம் ஆகும் சின்னக் கருவிகளையும் விட்டுவிடலாம். வட்டம் குறுகலாக இருக்கும், ஜூம் செய்யச் செய்ய இருட்டும்.

உள்ளே என்ன இருக்கிறது

பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலருக்குள் அப்படிப் பத்துப் பரப்புகள் என்று வைத்தாலே மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். அதனால் 'ஃபுல்லி மல்டி கோட்டட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'கோட்டட்' என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஏதோ பூசியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். தலைகீழ் உருவத்தை நிமிர்த்திக் காட்டும் பிரிசம் என்ற உள்கண்ணாடி, பேக்-4 என்ற தரமான கண்ணாடி வகையா என்றும் கேளுங்கள். நேரிலேயே சோதிக்கலாம்: கருவியை ஒரு அடி தள்ளிப் பிடித்து வானத்தை நோக்கினால் கண்வைக்கும் பக்கம் சின்ன வெளிச்ச வட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் நல்லது. ஓரம் வெட்டியது போலச் சதுரமாகத் தெரிந்தால் மட்டமான பிரிசமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நேர்க்குழாய் வடிவத்தில் ஒல்லியாக இருப்பவை ரூஃப் பிரிசம் வகை. இவற்றுக்கு ஃபேஸ் கோட்டிங் என்ற கூடுதல் பூச்சு வேண்டும், இல்லையென்றால் உருவத்தின் கூர்மை மழுங்கும். விலை குறைந்த ரூஃப் கருவிகளில் அதைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள். கையில் இருப்பது சில ஆயிரம் மட்டும் என்றால், முன் லென்ஸ்கள் நெருங்கியும் கண்வைக்கும் பக்கம் அகன்றும் இருக்கும் போரோ வகைச் சின்னக் கருவி நல்லது. பார்க்கக் கொஞ்சம் குண்டாக இருக்கும். அதே விலைக்கு ஒல்லிக் கருவியைவிடத் தெளிவாகக் காட்டும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் ஐ ரிலீஃப் என்ற எண்ணைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டும் முழு வட்டம் தெரியும் என்பதன் அளவு அது. 15 மி.மீ.யாவது வேண்டும். பல பாக்கெட் கருவிகளில் பத்துப் பன்னிரண்டோடு நின்றுவிடும், அப்போது சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல இருக்கும்.

வாங்கிய பிறகும் தவறு செய்யலாம். வலது கண் பக்கம் ஒரு வளையம் இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. வலது லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல் அந்த வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். வேலை முடிந்தது. இதைச் செய்யாமல் கருவி சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். செய்த பிறகும் ஐந்து நிமிடத்தில் தலை வலித்தால், கண் இரண்டையும் இழுத்துப் பிடிப்பது போல இருந்தால், இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்று பொருள். அதைத் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நம் ஊர் ஈரம் இன்னொரு எதிரி. உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்த கருவியாக இருந்தால் மழைக்கும் மலைப்பனிக்கும் பயமில்லை. அப்படி அடைக்காத கருவியை உறையோடு பீரோவில் வைத்து, அடுத்த சீசனில் எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை போல ஃபங்கஸ் படர்ந்திருக்கும். காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும். அப்புறம், சட்டை நுனியால் லென்ஸைத் துடைக்காதீர்கள். தூசியை ஊதித் தள்ளிவிட்டு மெல்லிய லென்ஸ் துணியால் துடையுங்கள்.

இப்போது என் கழுத்தில் இருப்பது 8×32, ஐந்நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். பழையதைவிட ஒரு டம்ளர் தண்ணீர் அளவு எடை கூடுதல். பட்டையை அகலமாக மாற்றிய பிறகு அது உறைக்கவில்லை. அந்த 10×25 இப்போது அண்ணன் மகளிடம் இருக்கிறது, அவளுக்கு எட்டு வயது. மத்தியான வெயிலில் மொட்டைமாடியில் நின்று பருந்து பார்க்கிறாள், அந்த வெளிச்சத்துக்கு அது தாராளம். ஒருநாள் என்னுடையதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இதுல ரெண்டு ரெண்டா தெரியுது" என்று திருப்பிக் கொடுத்தாள். அவள் கண்களுக்கு நடுவே இடைவெளி குறைவு. என் 8×32 அவ்வளவு நெருங்கி மடங்காது. இரண்டு கீல் உள்ள அந்தச் சின்னது மடங்குகிறது.