வெள்ளையடித்தும் சூடு குறையாத சுவர்: எனர்ஜிபிளஸில் வீணான மூன்று நாள்

கிருஷ்ணகிரியில் ஒரு மாடி வீடு. மேற்குச் சுவருக்கு வெள்ளையடித்தால் உள்ளே எவ்வளவு சூடு குறையும் என்று பார்க்க, கட்டடத்தின் வெப்பத்தைக் கணக்கிடும் எனர்ஜிபிளஸ் நிரலில் வெளிப்பூச்சின் சூரிய உறிஞ்சுதலை (விழும் வெயிலில் சுவர் உள்வாங்கும் பங்கு) 0.7-லிருந்து 0.3 ஆக்கினேன். முடிவு கடைசித் தசமம் வரை அப்படியே நின்றது.

பெங்களூரு வானிலைக் கோப்பைச் சந்தேகித்தேன். பிறகு மணிக்கு 6 என்றிருந்த காலப்படியை (ஒரு மணி நேரத்தை நிரல் எத்தனை துண்டாக்கிக் கணக்கிடும் என்பதை) 60 ஆக்கினேன். ஓட்டம் மெதுவானதுதான் மிச்சம். செங்கலின் கடத்துதிறனை மாற்றிப் பார்த்ததும் வீண்.

துப்பு, நிரல் தரும், யாரும் படிக்காத சுருக்க அறிக்கையில் இருந்தது. 230 மி.மீ. செங்கல் (கடத்துதிறன் 0.8), இருபுறமும் 12 மி.மீ. பூச்சு (0.72), சுவரின் இருபுறமும் ஒட்டி நிற்கும் காற்றுப்படலங்களின் வெப்பத்தடை 0.17: தாளில் போட்டால் யூ மதிப்பு (சுவர் எவ்வளவு எளிதாக வெப்பத்தைக் கடத்தும் என்ற அளவு) 2.04. அறிக்கையிலும் 2.04 இருந்தது, ஆனால் ‘படலம் இல்லாமல்’ என்ற பத்தியில்! படலத்துடன் 1.56.

படலங்களை (வெளியே 0.04, உள்ளே 0.13) நிறையில்லா அடுக்குகளாக (வெப்பத்தைத் தேக்காமல் தடுக்க மட்டும் செய்பவை) நானே சேர்த்திருந்தேன். நிரல் அவற்றைத் தானே கணக்கிடும், ஆக இரட்டிப்பு. அதைவிட மோசம், உறிஞ்சுதலை அது வெளிக்கோடி அடுக்கிலிருந்துதான் எடுக்கும். நிறையில்லா அடுக்கில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் நிரல் 0.7 என்றே வைத்துக்கொள்ளும். பூச்சில் போட்ட 0.3 உள்ளே புதைந்து கிடந்தது.

இரண்டு படல அடுக்குகளையும் நீக்கினேன்: படலமின்றி 3.12, படலத்துடன் 2.13. நிரலின் படலத் தடை சுமார் 0.15 என்பதால் 2.04 வராது. வெள்ளையும் வேலை செய்தது.

ஜன்னலுக்கு நேரெதிர்: எளிய கண்ணாடி வகைக்குத் தரும் யூ மதிப்பில் படலம் சேர்ந்தே இருக்க வேண்டும்.