டூஷென் மருந்து ஆய்வில் மகனைச் சேர்க்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பையனுக்கு டூஷென் தசைச்சிதைவு, அதாவது தசைகள் படிப்படியாகச் சிதையும் மரபணு நோய் என்று டாக்டர் சொன்ன அன்று இரவே பல வீடுகளில் தேடல் தொடங்கிவிடும். எங்கே புது மருந்து, எந்த நாட்டில் ஆய்வு, நம்ம பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா? தேடுவதில் தப்பில்லை. முழுமையான மரபணு ரிப்போர்ட் கையில் இல்லாமல் தேடுவதுதான் தப்பு. தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதத்துக்கான மரபணுவில் எக்ஸான் எனப்படும் 79 துண்டுகள் உண்டு. எது விடுபட்டிருக்கிறது என்பது பையனுக்குப் பையன் மாறும். புரதம் உருவாகும்போது 51ஆவது எக்ஸானைத் தாண்டவைக்கும் எட்டெப்ளிர்சென் என்ற மருந்து, நூற்றில் சுமார் 13 பேருக்குத்தான் பொருந்தும். எம்எல்பிஏ என்ற மரபணு சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை என்றால் நோயே இல்லை என்று நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. பெரிய விடுபடல்களும் இரட்டிப்புகளும்தான் அதில் தெரியும். சின்னப் பிழைகளுக்கு மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சோதனை வேண்டும்.

அடுத்தது, வீடியோவை நம்புவது. ஊசி போடும் முன் தடுமாறிய பையன் ஆறு மாதம் கழித்துப் படியேறுகிறான். பார்க்கிற யாருக்கும் மனசு இளகும். ஆனால் டூஷென் உள்ள சிறுவர்கள் ஏறக்குறைய ஏழு வயது வரை, எந்தப் புது மருந்தும் இல்லாமலே, கொஞ்சம் முன்னேறுவதுண்டு. தசை ஒருபக்கம் சிதைந்தாலும் உடல் வளர்கிறது, வழக்கமான ஸ்டீராய்டும் கைகொடுக்கிறது. அதனால்தான் மருந்தில்லாத ஊசி போட்ட இன்னொரு குழு தேவைப்படுகிறது. எலிவிடிஸ் என்ற மரபணு சிகிச்சைக்கான எம்பார்க் ஆய்வைப் பாருங்கள். 4 முதல் 7 வயது வரையிலான 125 சிறுவர்கள். எழுவது, நடப்பது, குதிப்பது போன்ற 17 செயல்களுக்கு மொத்தம் 34 மதிப்பெண். ஓராண்டில் மருந்து பெற்றவர்கள் சராசரியாக 2.6 கூட்டினார்கள், பெறாதவர்களும் 1.9 கூட்டினார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது. பெற்றோரிடம் மட்டும் கேட்டிருந்தால் இரண்டு குழுவிலும் மருந்து வேலை செய்கிறது என்றே சொல்லியிருப்பார்கள். ‘என் பிள்ளைக்குப் போலி ஊசியா’ என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் குழு இல்லாமல் இந்த உண்மை வெளியே வந்திருக்காது.

அமெரிக்க அனுமதி கிடைத்துவிட்டது, எனவே பலன் உறுதி என்று நினைப்பதும் இதே வகைதான். 2016இல் எட்டெப்ளிர்சென் பெற்றது, பலன் முழுதாக நிரூபணமாகும் முன்பே தரப்படும் விரைவு அனுமதி. தசையில் டிஸ்ட்ரோபின் சற்றுக் கூடியது என்பதே அதற்கு அடிப்படை. அந்த அளவும் இயல்பானதில் ஒரு விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. புரதம் கூடுவது வேறு, பையன் கூடுதல் ஆண்டுகள் நடப்பது வேறு.

என்னைக் கேட்டால், அவசரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. மரபணு சிகிச்சையில் மரபணுவைச் சுமந்து செல்வது ஒரு வைரஸ். ஒருமுறை போட்டதும் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உருவாக்கிவிடும். மறுபடி அதையே போடுவது இன்றைய நிலையில் சாத்தியமில்லை. பிறகு வரும் இதுபோன்ற ஆய்வுகளின் கதவும் பெரும்பாலும் மூடிவிடும். 2025இல் எலிவிடிஸ் பெற்று, நடக்க முடியாத நிலையில் இருந்த இரண்டு சிறுவர்கள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். எந்தக் கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டிய விஷயமில்லை இது.

சரி, காத்திருக்கும் காலத்தில்? ஸ்டீராய்டைச் சொந்த முடிவில் நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அளவு சில மாதங்களாக மாறாமல் இருக்க வேண்டும் என்று பல ஆய்வுகள் நிபந்தனையும் வைக்கின்றன. இதயப் பரிசோதனையையும் பிசியோதெரபியையும் தள்ளிப்போடாதீர்கள்.

‘ஆய்வு’ என்று சொல்லிவிட்டுப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். குறிப்பாக ஸ்டெம்செல் ஊசி. டூஷெனுக்கு அதைச் சிகிச்சையாக விற்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதல் ஏற்கவில்லை. இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் சிடிஆர்ஐ என்ற தேசிய மருந்து ஆய்வுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இருப்பதாலேயே மருந்து நல்லது என்று ஆகிவிடாது. எண்ணே இல்லை என்றால் பேச்சே வேண்டாம்.

கடைசியாக, பையனிடம் சொல்லாமல் முடிவெடுப்பது. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்கிறது இந்திய நெறிமுறை. ஊசி எத்தனை தடவை, தசையிலிருந்து துண்டு எடுப்பார்களா, பள்ளிக்கு எத்தனை நாள் போக முடியாது என்பதையெல்லாம் அவனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சை நின்றுவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.