ஏர் ஃபில்டரை நானே மாற்றினேன்

மேடு ஏறும்போதெல்லாம் கார் மூச்சு வாங்கியது. எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரை மாற்றியதாக ஒர்க்‌ஷாப்பில் பில் போட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சந்தேகத்தோடு பானெட்டைத் திறந்தேன். ஃபில்டர் இருக்கும் கறுப்புப் பெட்டியின் நான்கு கிளிப்புகளை விரலால் நெம்பியதும் மூடி வந்துவிட்டது. உள்ளே, காகித மடிப்புகளுக்கு இடையே செம்மண், காய்ந்த வேப்பிலை, ஒரு வண்டின் இறக்கை. மாற்றிய லட்சணம் அது!

350 ரூபாய்க்குப் புதியது வாங்கினேன். பெட்டியைத் துடைக்கும்போது எஞ்சினுக்குப் போகும் குழாயில் தூசி விழாதபடி அதன் வாயைத் துணியால் அடைத்தேன். (மூடுமுன் அதை எடுக்க வேண்டும், நான் மறக்கப் பார்த்தேன்.) கடைசி கிளிப் மட்டும் முரண்டு பிடித்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தால், ஃபில்டரின் ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் பள்ளத்துக்குள் உட்காராமல் மடிந்திருந்தது. நிமிர்த்தியதும் ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது. கால் மணி நேர வேலை. அந்த மேட்டில் இப்போது முனகல் இல்லை.